வல்லாரைக் கட்டுரைக்கு நீர்ப்பிரமி படம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யாங்கோனிலிருந்து எழுதுகிறேன். ஊர்ப் பெயர் மாறி இத்தனை வருஷமாகியும் எங்கள் வீட்டுப் பேச்சில் அது ரங்கூன்தான். உங்கள் பத்திரிகையைப் பேத்தியின் கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துப் படிக்கிறவன் நான். கரண்ட் எப்போது வருகிறதோ அப்போதுதான் படிப்பு. சில நாள் விடிகாலை, சில நாள் நடுராத்திரி.

போன வார மருத்துவப் பக்கத்தில் வல்லாரையைப் பற்றி அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்தது. எழுதியது வல்லாரையைப் பற்றி, மேலே போட்டிருந்த படம் நீர்ப்பிரமி. பெட்டிச் செய்தியில் ‘பிராமி என்கிற வல்லாரை’ என்று வேறு இருந்தது. படம் மாறிப்போனதற்கெல்லாம் ஒரு கடிதமா என்று நீங்கள் நினைக்கலாம். நான் முப்பத்தாறு வருஷம் மருந்துக்கடையில் கம்பவுண்டராக இருந்தவன். பாட்டிலின் மேலே ஒட்டிய சீட்டு ஒன்று, உள்ளே இருக்கிற சரக்கு இன்னொன்று என்றால் என்ன ஆகும் என்பது எனக்குப் படிப்பினை. என் சொந்தக் குடும்பத்திலேயே நடந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் செடி. வல்லாரை தரையோடு படரும். தண்டு ஓடுகிற வழியில் கணுவுக்குக் கணு வேர் விடும். ஒவ்வொரு இலைக்கும் நீளமாக ஒரு காம்பு. இலை வட்டம், காம்பு சேருகிற இடத்தில் மட்டும் ஒரு வெட்டு, ஓரமெல்லாம் மொட்டைப் பல். பூவைத் தேடித்தான் பார்க்க வேண்டும், மண்ணை ஒட்டிச் சிவந்த பொட்டு மாதிரி இருக்கும். நீர்ப்பிரமி வேறு சாதி. அதன் இலை சின்னது, தடித்தது, காம்பு கிடையாது. தண்டின் இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருக்கும். பூ வெளிர் நீலத்திலோ வெள்ளையிலோ ஐந்து இதழாக நன்றாகத் தெரியும். ஒரு தடவை இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

குழப்பம் உங்களோடு ஆரம்பித்ததல்ல. வட இந்தியாவில் பல இடங்களில் வல்லாரையையே பிராமி என்கிறார்கள். கேரளத்தில் பிராமி என்றால் நீர்ப்பிரமி. ஆயுர்வேதத்தில் வல்லாரைக்கு மண்டூகபர்ணி என்று தனிப்பெயர் உண்டு, தவளையை வைத்து வந்த பெயர். புத்திக்கு நல்லது என்று அவர்கள் சொல்லும் மேத்ய ரசாயனம் நான்கில் அதன் சாறும் ஒன்று. பாலில் அதிமதுரப் பொடி, சீந்தில் சாறு, சங்குபுஷ்பி ஆகியவை மற்ற மூன்று. பர்மியர்கள் இதே இலையைப் பார்த்துவிட்டு மியின்குவா யுவெ என்றார்கள். குதிரைக் குளம்பு இலை என்று அர்த்தம். இலையின் வெட்டைப் பார்த்தால் குளம்புதான் சரியென்று எனக்குப் படுகிறது. தவளை எங்கே என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஊரில் வல்லாரையை யாரும் மருந்தென்று பயபக்தியோடு பார்ப்பதில்லை. அது சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிற பச்சை. நாங்கள் இருப்பது நான்காவது மாடி. ரங்கூன் மாடி வீடுகளில் பால்கனியிலிருந்து தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும், நுனியில் கிளிப்போ பையோ இருக்கும். காலை ஆறரைக்குக் கீரைக்காரி தலையில் தட்டோடு வந்து கீழிருந்து குரல் கொடுப்பாள். என் மனைவி பணத்தைக் கிளிப்பில் மாட்டி இறக்குவாள், வல்லாரைக் கட்டு மேலே வரும். ஐநூறு ஜாட்டுக்கு ஒரு கைப்பிடி. மற்ற காய்கறியெல்லாம் இங்கே இன்னும் வீசைக் கணக்குதான். உங்கள் பக்கம் கிலோ வந்து அறுபது வருஷமாகி வீசை மறந்துபோயிருக்கும். எங்களுக்கு ஒரு வீசை என்றால் ஒன்று புள்ளி ஆறு கிலோ சொச்சம், சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.

மேலே வந்ததும் என் மனைவி அதைப் பேப்பரில் பரப்பி, மஞ்சள் இலையையும் முற்றின காம்பையும் கிள்ளி எறிவாள். உப்புத் தண்ணீரில் மூன்று அலசல். மூன்றாவது தண்ணீரில் மண் தங்கினால் நாலாவது. பிறகு ஈரம் போக உதறி, இலையைச் சுருட்டிப் பொடிப்பொடியாக அரிவாள். வறுத்து உடைத்த வேர்க்கடலை, வறுத்த கடலை மாவு ஒரு கரண்டி, எள், எண்ணெயில் பொரித்த வெங்காயமும் பூண்டும், அந்த எண்ணெயிலேயே இரண்டு ஸ்பூன், பச்சை மிளகாய், எலுமிச்சம்பழம் பாதி. உலர்ந்த இறால் பொடியும் மீன் சாறும் சாதாரண நாளில். காளியம்மன் கோயிலுக்குக் காப்புக் கட்டியிருக்கிற நாளில் அவை இரண்டும் கிடையாது, உப்பு மட்டும். எல்லாவற்றையும் விரல் நுனியால் பிசைய வேண்டும். அழுத்திப் பிசைந்தால் கசப்பு இறங்கிவிடும். பிசைந்த பத்து நிமிஷத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும், அப்புறம் இலை தண்ணீர் விட்டுத் துவண்டுபோகும்.

பர்மிய மொழியில் இப்படிப் பிசைந்தது எல்லாமே அத்தோதான். சென்னையில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் வைத்திருக்கிற கடைகளில் அத்தோ என்றால் நூடுல்ஸ் என்று ஆகிவிட்டதாம். 1965இல் கப்பலேறிப்போன என் பெரியப்பா குடும்பத்துப் பேரன் இங்கே வந்தபோது, ‘வல்லாரையில் அத்தோவா’ என்று கண்ணை அகல விரித்தான். இரண்டாம் தட்டு கேட்டும் வாங்கிச் சாப்பிட்டான்.

என் அம்மாவுக்கு மட்டும் இந்த எலுமிச்சம்பழம் கடைசி வரை பிடிக்கவில்லை. வல்லாரையில் புளிப்புச் சேர்த்தால் குணம் போய்விடும் என்பது அவள் கட்சி. துவையலுக்குக்கூடப் புளி வைக்க மாட்டாள். வீட்டில் வல்லாரை வளர்த்து வை என்று சித்த வைத்தியப் பாட்டே இருக்கிறது என்பாள். வல்லாரை உண்டாரிடம் மல்லாடாதே என்று சொல்லிச் சொல்லியே எங்கள் ஐந்து பேர் வாயிலும் அதைத் திணித்தாள். நாங்கள் ஐந்து பேருமே கணக்கில் மட்டம்.

மருந்துக்கடைக்கு வருகிறேன். எங்கள் முதலாளி வைத்திருந்த வெள்ளைக்காரன் காலத்துத் தடித்த மருந்துப் புத்தகத்தில் இந்தச் செடியைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. அதில்தான் படித்தேன்: 1850களில் மொரீசியஸ் தீவில் புவாலோ என்கிற டாக்டர் குஷ்டரோகிகளுக்கு வல்லாரை கொடுத்துப் பார்த்தார். அதே காலத்தில் புதுச்சேரியில் லெப்பீன் என்கிற பிரெஞ்சு மருந்தாளர் இதிலிருந்து ஒரு எண்ணெய்ப் பொருளைப் பிரித்தெடுத்து, நம் தமிழ்ப் பெயரையே வைத்து ‘வெல்லாரின்’ என்றார். 1868இல் இந்திய மருந்து நூலிலும் செடி ஏறியது. வல்லாரை என்கிற சொல் ஐரோப்பா வரை போய் வந்திருக்கிறது என்று அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை. முதலாளி சிரித்தார். ‘சரி, குஷ்டம் போயிற்றா, அதைப் படி’ என்றார்.

போகவில்லை. புண் ஆறியது, தோல் தேறியது, நோய்க்கிருமி அப்படியே இருந்தது. அதற்கு 1940களில் டாப்சோன் என்கிற மருந்து வர வேண்டியிருந்தது. பிறகு 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது. அந்த மாத்திரை அட்டைகளை என் கையாலேயே எண்ணிக் கொடுத்திருக்கிறேன். வாங்கிப்போனவர்கள் குணமாகித் திரும்பி வந்து கும்பிட்டதையும் பார்த்திருக்கிறேன். முதலாளி அன்றைக்குக் கேட்ட அந்த ஒரு கேள்வியைத்தான் எந்த மூலிகைக் கட்டுரையைப் பார்த்தாலும் நானும் கேட்கிறேன். எது போயிற்று, எது போகவில்லை?

இப்போது என் தங்கை விஷயம். அவள் இருப்பது பெகுவில். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். 2019 தைப்பூசத்துக்குச் சென்னையிலிருந்து வந்த உறவினர் ஒருவர் இரண்டு பாட்டில் கேப்சூல் கொண்டுவந்தார். மறதிக்கு நல்லதாம். தங்கைக்குச் சாவியை எங்கே வைத்தோம் என்கிற மறதி. வயது ஐம்பத்தெட்டு, இருக்கத்தானே செய்யும். பாட்டிலை வாங்கி அவள் கையில் கொடுத்தது நான். ‘மூலிகைதானே, சாப்பிடு’ என்று சொன்னதும் நான். கம்பவுண்டர் அண்ணன் சொன்ன பிறகு அவள் யாரைக் கேட்பாள்? ஒரு வேளைக்கு ஒன்று என்று போட்டிருந்ததை, சீக்கிரம் பலன் வரட்டும் என்று இரண்டாக்கிக்கொண்டாள்.

ஏழாவது வாரம் சோறு வேண்டாம் என்றாள். குமட்டல். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது என்று போனில் சொன்னபோதுதான் எனக்கு உடம்பு பதறியது. போய்ப் பார்த்தால் கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. ரங்கூனுக்குக் கூட்டிவந்து ரத்தம் எடுத்தோம். கல்லீரல் கெட்டால் ரத்தத்தில் ஏறுகிற எஸ்.ஜி.பி.டி. என்கிற எண் நாற்பதுக்குள் இருக்க வேண்டியது, அறுநூறைத் தாண்டியிருந்தது. கிருமியால் வருகிற மஞ்சள் காமாலைக்கு எல்லாச் சோதனையும் செய்தார்கள், ஒன்றும் இல்லை. புதிதாக என்ன சாப்பிட்டாய் என்று டாக்டர் கேட்டபோது அவள் என்னைப் பார்த்தாள்.

நான் பாட்டிலை டாக்டர் மேஜையில் வைத்தேன். முன்பக்கம் ‘பிராமி’ என்று பெரிய எழுத்து, பக்கத்தில் வட்டமாக வல்லாரை இலைப் படம். பின்பக்கம் ‘மூலிகைச் சாறு 500 மில்லிகிராம்’. எந்த மூலிகை, எத்தனை மடங்கு வற்றவைத்த சாறு, ஒரு வரி இல்லை. ஒரு கேப்சூலைப் பிரித்துக் காகிதத்தில் கொட்டிப் பார்த்தோம். பழுப்புப் பொடி. முகர்ந்தேன், நாக்கில் வைத்தேன், கசந்தது. முப்பத்தாறு வருஷ அனுபவத்தில் எனக்கு அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. டாக்டர் பர்மியர், நிதானமான மனிதர். வல்லாரை கல்லீரலைக் கெடுத்ததா, நீர்ப்பிரமியா, உள்ளே கலந்த வேறு ஏதாவதா, எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, முதலில் நிறுத்துங்கள் என்றார். நிறுத்தினோம். ஆறு வாரத்தில் எண்கள் இறங்கின. கடவுள் புண்ணியத்தில் இன்றைக்குத் தங்கை நன்றாக இருக்கிறாள். சாவியைத்தான் இன்னும் தேடுகிறாள்.

அதன் பிறகு பேத்தியை உட்கார வைத்து இணையத்தில் தேடச் சொன்னேன். வல்லாரை மாத்திரையை 20, 30, 60 நாள் சாப்பிட்ட மூன்று பெண்களுக்கு மஞ்சள் காமாலை வந்து, நிறுத்தியதும் குணமானதாக 2005இல் ஒரு மருத்துவ இதழில் வந்திருக்கிறது. மூன்றே மூன்று பேர்தான். கோடிக்கணக்கான பேர் இதைத் தினமும் கீரையாகத் தின்கிறார்கள், ஒன்றும் ஆவதில்லை. அரிதென்றால் அரிதுதான். ஆனால் ஒரு கைப்பிடி இலையை மென்று தின்பதும், எத்தனை கைப்பிடியைச் சுண்டவைத்தார்களோ தெரியாத ஒரு கேப்சூலை விழுங்குவதும் ஒன்றாகுமா? உங்கள் கட்டுரையின் கடைசியில் ‘கேப்சூலாகவும் கிடைக்கிறது’ என்று போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. அந்த வரிதான் என்னை எழுத வைத்தது.

ஞாபகசக்திக்கு வருகிறேன். கட்டுரையில் அது நிரூபணமான உண்மை மாதிரி இருந்தது. வல்லாரையையும் வல்லாரை சேர்ந்த மருந்துகளையும் வைத்து நடந்த பதினொரு சோதனைகளைச் சேர்த்து அலசி 2017இல் ஒரு ஆய்வு வந்தது. நினைவு, கவனம் எதிலும் வெறும் மாவு மாத்திரைக்கும் வல்லாரைக்கும் சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை. மனம் கொஞ்சம் தெளிவாக இருக்கிறது, கோபம் கொஞ்சம் தணிகிறது என்பது மட்டும் தெரிந்தது. என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் எனக்குத் தினமும் ஒரு கட்டு போதாது என்றாள். நீர்ப்பிரமிக்கு இந்த விஷயத்தில் சாட்சி சற்றுக் கூடுதல். பன்னிரண்டு வாரம் தொடர்ந்து கொடுத்துப் பார்த்த சில சோதனைகளில் நினைவில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்திருக்கிறது, கூடவே சிலருக்கு வயிற்றுப் பிரட்டலும். ஆக, உங்கள் படத்திலிருந்த செடிக்கு இருக்கிற சாட்சியை எழுத்திலிருந்த செடிக்குக் கொடுத்துவிட்டீர்கள். படம் மாறியதை நான் சும்மா விடாததற்குக் காரணம் இதுதான்.

வல்லாரைக்கு உண்மையிலேயே பேர் வாங்கிக்கொடுத்தது புண். ஏசியாடிகோசைடு, மடெகாசோசைடு என்று அதில் சில பொருள்கள் இருக்கின்றன. இரண்டாவது பெயர் மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. தோல் கூடிவருவதற்கு வேண்டிய கொலாஜன் ஊற அவை உதவுகின்றன. தீப்புண், ஆறாத புண், தழும்பு தடித்துப்போவது ஆகியவற்றுக்கு இந்தச் சாற்றைப் பயன்படுத்தியதை 1999இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட மூலிகைத் தொகுப்பே எடுத்துச் சொல்கிறது. இதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரே ஒரு வரி. என் பேத்தி முகத்துக்குப் பூசுகிற கொரியாக்காரன் க்ரீம் ட்யூபில் ‘சிகா’ என்று போட்டிருக்கிறது, கீழே பொடி எழுத்தில் பார்த்தால் சென்டெல்லா ஏசியாடிகா. நம் வல்லாரைதான். முப்பதாயிரம் ஜாட். பால்கனித் தொட்டியில் அது சும்மா முளைத்துக் கிடக்கிறது என்றேன். தாத்தா, நீங்கள் அரைத்துப் பூசினால் முகம் பச்சையாகும் என்கிறாள். அதுவும் நியாயம்தான். திறந்த புண்ணில் தெருவிலிருந்து பறித்த இலையை அரைத்துக் கட்டுவதை நானும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிறகு அந்தப் புண் சீழ் பிடித்து மருந்துக்கடைக்குத்தான் வரும்.

தொட்டியைச் சொன்னேன் அல்லவா, அதற்கும் ஒரு காரணம் உண்டு. வல்லாரை ஈரம் கண்ட இடத்தில் எல்லாம் படரும். வயல் வரப்பிலும் படரும், சாக்கடை ஓரத்திலும் படரும். மண்ணிலும் தண்ணீரிலும் ஈயம் மாதிரிக் கெட்ட உலோகம் இருந்தால் அதை உறிஞ்சி வைத்துக்கொள்கிற செடி இது. பச்சையாகத் தின்கிற இலை வேறு, அழுக்குத் தண்ணீரின் கிருமியும் கூட வரும். அதனால் எங்கள் கீரைக்காரியிடம் எங்கே பறித்தது என்று முதலிலேயே கேட்டுவைத்தோம். சிரியம் பக்கத்துத் தோட்டம் என்றாள். நம்புகிறோம். மழைக்காலத்தில் நம்பிக்கை குறைந்துவிடும், தெருவே சாக்கடை ஆகிவிடுகிறதே. அப்போது தொட்டிதான். உடைந்த பிளாஸ்டிக் வாளியில் மண் போட்டு, கீரைக்கட்டிலிருந்து வேரோடு வந்த நாலு துண்டை நட்டது. மூன்றாம் வாரம் வாளி விளிம்பு தெரியவில்லை.

கர்ப்பிணிகளும், கல்லீரல் கோளாறு உள்ளவர்களும், தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் கேப்சூல் பக்கம் போக வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு இதற்கு மாறக் கூடாது என்று இன்னொரு வரி. இரண்டு வரிக்கு எவ்வளவு இடம் பிடித்துவிடும்? அதே பக்கத்தில் கீழே கால் பக்கத்துக்கு ஒரு லேகிய விளம்பரம் இருந்தது.

கட்டுரை எழுதியவர் மேல் எனக்குக் கோபமில்லை. துவையல் செய்முறை நன்றாகவே எழுதியிருந்தார். தேங்காய் சேர்த்து அரைக்கச் சொன்னதை என் மனைவி செய்தும் பார்த்தாள், நன்றாக வந்தது. என் கோரிக்கை ஒன்றுதான். அடுத்த வார மருத்துவப் பக்கத்தில் இரண்டு செடியின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, இது வல்லாரை, இது நீர்ப்பிரமி என்று கீழே எழுதுங்கள். வல்லாரைப் படம் கைவசம் இல்லையென்றால் பேத்தியிடம் சொல்லி எங்கள் வாளியைப் படமெடுத்து அனுப்பச் சொல்கிறேன். நேற்று கரண்ட் வந்தபோது எடுக்கச் சொன்னேன். கீழே கீரைக்காரி குரல் கேட்டு ஓடிவிட்டாள். நாளைக்குள் எடுத்துவிடுவாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கம்பவுண்டர் ஒருவர்,
யாங்கோன், மியான்மர்.